மூடியிருந்த பியானோ

இன்று பழைய அலமாரியைத் திறந்ததும் வந்த பாச்சை உருண்டை வாசம், சிங்கப்பூரின் செம்பவாங்கில் அடுக்குமாடி வீடுகளுக்காக இடிக்கப்பட்ட எங்கள் மாதாகோவில் கூடத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. அங்கே பியானோவுக்குள் பாச்சை உருண்டை போட்டு மூடி வைத்திருப்பார்கள். இசைத் தியரி தேர்வில் தேறும்வரை ஸ்டெல்லா டீச்சர் அதைத் தொடவிடமாட்டார். சனிக்கிழமைதோறும் மின்விசிறி கடகடக்க, நாங்கள் ஐந்து கோடுகள் போட்டு, அவற்றின்மேல் முட்டை முட்டையாகச் சுரங்களை எழுதி, மேசையில் தாளம் தட்டிக்கொண்டிருப்போம். எனக்கோ கண்ணெல்லாம் பியானோமேல்தான். என்னைக் கூட்டிவரும் அம்மா கடைசி பெஞ்சில் பூத்தையல் போட்டபடியே, டீச்சரின் கேள்விகளுக்கு எனக்கு முன்பே பதிலை முணுமுணுப்பாள்.

நான் தேறிய வாரம் டீச்சர் மூடியைத் திறந்தார். ஓடிப்போய் உட்காரப் பார்த்தேன். அவரோ பின்னால் திரும்பி, "நீங்களும் வாங்க லா, இத்தனை நாளா நீங்களும்தானே படிச்சீங்க," என்று அம்மாவை அழைத்தார்.

"ஐயோ, எனக்கெதுக்கு டீச்சர்?" என்றபடியே அம்மா விரல்களைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, டீச்சர் கேட்ட சுரத்தைத் தடுமாறாமல் கண்டுபிடித்து அழுத்தினாள். கூடம் முழுக்க ஒலித்தது.

"பாப்பா, இது இப்படி அமுங்கும்னு புத்தகத்துல போடவே இல்லையே!" என்று அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் முறைக்கு அவசரமே படவில்லை.