சத்தம் நின்ற கத்தி

இன்று பீரோவுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க, அந்த ஈர இரும்பு வாடை என்னைத் திருத்தங்கல் தகரக் கொட்டகைக்கே இழுத்துப் போனது. இப்போது அங்கே கல்யாண மண்டபம். அன்று காலண்டர் சீசனில், அச்சகங்களில் காகிதம் வெட்டும் நீளக் கத்திகளை அம்மா அங்கே உட்கார்ந்துதான் மெருகேற்றுவாள். முதலில் முரட்டு உப்புத்தாள், கரகரவென்று தெருவரை கேட்கும். அப்புறம் தாள் நைசாக நைசாகச் சத்தமும் தேய்ந்து, கடைசித் தாளில் ஒன்றுமே கேட்காது, கத்தியில் என் முகம் தெரியும். சத்தம் நின்றால் நான் கிட்டே போகக்கூடாது.

"அம்புட்டு நைசாயிட்டா, வெட்டுனாலும் தெரியாதுட்டி" என்பாள்.

ஒருநாள் சத்தம் நின்றிருந்தது. வாசலிலிருந்து பார்த்தேன். கத்திக்கடியில் வைத்த சட்டியில் தண்ணீர் சிவந்துகொண்டே வந்தது. அம்மா தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, தண்ணி செவந்திருக்கு."

தாளைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்தாள். "எங்கட்டி வெட்டுச்சு? கையக் காட்டு."

முகம் வெளிறிப்போய், என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் புரட்டினாள். ஒரு கீறல்கூட இல்லாத என் கை முழுக்க ரத்தம். அது எங்கிருந்து சொட்டுகிறது என்று அப்போதும் அவளுக்கு உறைக்கவில்லை.