பிரெஞ்சில் பத்து வரை எண்ணக் காரைக்கால் போன கதை

போன தை மாதம், அறுவடையை நடுவில் விட்டுவிட்டு நான் காரைக்கால் போனதற்குக் காரணம் பொறாமை. கோயில், கடற்கரை என்று கௌரவமாக ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் என் மனைவியும் இதைப் படிப்பாள்.

என் மகளைக் கட்டிக்கொடுத்தது காரைக்கால் குடும்பத்தில். சம்பந்தியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் வீடு முழுக்கப் பிரெஞ்சுக் குடியுரிமை. மகளும் மருமகனும் பாரீஸில். விடுமுறைக்கு வந்தவர்கள் மன்னார்குடியில் எங்களோடு இருந்தது மூன்று நாள்; காரைக்காலில் பதினெட்டு நாள். அந்த மூன்று நாளும் ஐந்து வயதுப் பேத்தி நிலா என்னோடு கண்ணாமூச்சி ஆட மறுத்துவிட்டாள். “தாத்தாவுக்கு எண்ணத் தெரியல. பாப்பிக்குத்தான் தெரியும்.” பாப்பி என்றால் பிரெஞ்சில் தாத்தா. அதாவது சம்பந்தி. நான் தமிழில் எண்ணியது எண்ணிக்கையிலேயே சேராதாம்.

சனிக்கிழமை அவர்களுக்கு விமானம். வியாழக்கிழமை கிளம்பினேன். மருமகனிடம் கேட்க மானம் இடம் தரவில்லை. கைப்பேசியில் ஒரு பாடக் காணொளியைப் போட்டுக் கேட்டு, காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன்: அன், தோ, த்ருவா, காத்ர், சேங்க், சீஸ், செத், உய்த், நஃப், தீஸ்.

காலை 6.40க்கு மன்னார்குடியில் திருவாரூர் பேருந்து. 30 கிலோமீட்டர், 30 ரூபாய், ஒரு மணி நேரம். அங்கிருந்து நாகப்பட்டினம் வழியாகக் காரைக்கால் 45 கிலோமீட்டர், 42 ரூபாய். இடப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், வெயில் படாது.

பாதி வழியில் மறியல். எரிவாயுக் கிணறு தோண்ட வயலை எடுக்கப்போகிறார்கள் என்று ஊரே சாலையில் உட்கார்ந்திருந்தது. ஆளும் கழகத்தின் கொடி தவிர மற்ற எல்லாக் கொடியும் இருந்தன. ஐம்பது நிமிடம். இறங்கி, புளியமரத்தடியில் நின்று தாளைப் பார்த்து முணுமுணுத்தேன். மறியலில் இருந்த ஓர் அம்மாள் திரும்பிப் பார்த்தார்.

“என்னங்க, மந்திரமா?”

“பிரெஞ்சுல எண்ணப் பழகுறேங்க.”

“எங்க வயல்ல மூணு கிணறு போடப்போறாங்களாம். அத எண்ணுங்க பாப்போம்.”

“அன், தோ, த்ருவா.”

“அதுலயும் மூணுதானா,” என்று அலுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

பத்தரைக்குக் காரைக்கால். நிலையத்திலிருந்து ஆட்டோ 60 ரூபாய். சம்பந்தி வாசலுக்கே வந்து, “வாங்க சம்பந்தி,” என்று கட்டிக்கொண்டார். என் வயதுதான், முடி மட்டும் கறுப்பு. சாயம் என்பது என் கருத்து.

காப்பி குடித்ததும் நிலாவிடம் சொன்னேன்: “ஓடி ஒளிஞ்சுக்க. தாத்தா பிரெஞ்சுல எண்ணப்போறேன்.” வீடே கூடிவிட்டது. கொல்லைச் சுவரில் முகம் புதைத்துக் கண்ணை மூடினேன். தாள் சட்டைப்பையில். வாய் தானாகத் திறந்தது.

“லாபம், தோ, த்ருவா...”

எங்கள் பக்கம் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை யாரும் ஒன்று என்று சொல்ல மாட்டார்கள். லாபம் என்று சொல்லித்தான் தொடங்குவார்கள். பிறகு இரண்டு, மூன்று. நாற்பது வருஷம் அளந்த வாய், பிரெஞ்சுக்காக மாறுமா?

சம்பந்தி சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். “இங்க என்ன நெல்லா அளக்குறீங்க சம்பந்தி?” மகள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். காது சுட்டது. அடுத்த பேருந்து எத்தனை மணிக்கு என்று யோசித்தேன்.

நிலா மட்டும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தாள். “லாபம்னா என்ன தாத்தா?”

“நல்லது மொதல்ல வரட்டும்னு சொல்றதும்மா.”

கொஞ்சம் யோசித்தாள். “இன்னொரு தடவ எண்ணு,” என்று ஓடினாள். பகல் முழுக்க என்னை எண்ண வைத்தாள். பத்து வரை தப்பில்லாமல் சொன்னேன், அந்த முதல் எண்ணைத் தவிர.

பேத்தியோடு விளையாடுவதைவிடச் சம்பந்தியைத் தோற்கடிக்கத்தான் போனேன் என்பது திரும்பும்போது புரிந்தது. நாகூர் வரை வெட்கமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: தண்ணீர் எடுத்துப் போங்கள், மறியலுக்கு ஒரு மணி நேரம் கூட வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப 4.10க்கு ஒரு பேருந்து, 4.50க்கு ஒன்று. முதல் பேருந்தை நான் வேண்டுமென்றே விட்டேன். வாசலில் செருப்பு மாட்டும்போது கொல்லையில் சம்பந்தியின் முறை வந்திருந்தது.

“அன்...”

“இல்ல பாப்பி. தப்பு.”

செருப்பு வாரை அவிழ்த்து, மறுபடி மெதுவாக மாட்டினேன். பிறகு, ஒரு மரக்கால் நெல்லைக்கூட அளந்தறியாத அந்தக் குரல் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னது: “லாபம்.”