மஞ்சள் பூசிய முட்டை

வல்லத்தில் செண்பகத்தின் வீட்டைத் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை. குஞ்சு பொரிக்கிற வீடு எது என்றால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். கண்ணாடி பதித்த ஒரு தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஃபேன், சூட்டை அளக்க ஒரு மீட்டர். போனில் வீடியோ பார்த்து அவளே செய்த இன்குபேட்டர் அது. முதல் தடவை வைத்த முட்டையெல்லாம் வெந்துபோயின. அடுத்த தடவை எல்லாம் கூமுட்டை. அதற்கடுத்து பெட்டிக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வந்தபோது, மல்லாட்டைக் கடலை பிடுங்கப் போவதை மறந்து அதன் எதிரில் உட்கார்ந்தவள்தான்.

"அடைக்கோழியாச்சும் எழுந்து போய் ஒரு வாய் மேஞ்சிட்டு வரும். உனக்கு அதுகூட இல்ல" என்பான் அவள் புருஷன் பெரியதம்பி. விழுப்புரத்தில் கொத்தனார் வேலை, வாரத்துக்கு ஒருநாள்தான் வீடு.

அனந்தபுரத்திலிருந்துகூட முட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார்கள். செண்பகத்துக்கு வாய் கொஞ்சம் நீளம். "இது பழசு, ஆம்லெட் போடுங்க. இது விரிசல், எடுத்துக்கினு போங்க" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிடுவாள். அந்த வாய் ஒரே ஒரு தடவைதான் அடைத்துப்போனது. அது பக்கத்து வீட்டு வீரம்மாள் வந்த அன்று.

வீரம்மாளின் ஒரே மகன் தேவா, திண்டிவனம் பைபாசில் பைக்கோடு போய்ச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவன் கையில் தீனி தின்று வளர்ந்த கருங்கோழியையும் போன வாரம் நாய் கவ்விக்கொண்டு போய்விட்டது. மிஞ்சியது அது இட்ட நாலு முட்டை. கேப்பைப் பானையில் புதைத்து வைத்திருந்தவற்றை எடுத்து, கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மகனின் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

கழுவிய முட்டையை அடை வைக்கக் கூடாது. முட்டை ஓட்டால்தான் மூச்சு விடும். மஞ்சளை அப்பினால் உள்ளே இருப்பதற்கு மூக்கைப் பொத்தின மாதிரி. கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். இங்கே தாய் கும்பிட்டே கொன்றிருந்தாள். செண்பகம் வாயைத் திறந்தாள்.

"ஒரு குஞ்சு போதும்டி. அவன்தான் வருவான். அவன் வந்துட்டான்னா நான் சோறு துன்றேன்" என்றாள் வீரம்மாள். காரியம் முடிந்ததிலிருந்து டீயைத் தவிர எதுவும் அவள் தொண்டையில் இறங்கவில்லை. கழுத்தெலும்பு குச்சியாய்த் துருத்திக்கொண்டிருந்தது. செண்பகம் திறந்த வாயை மூடிக்கொண்டு முட்டைகளை வாங்கிக்கொண்டாள்.

பெட்டியில் வைத்து ஒரு வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்ததில் மூன்று வெறும் தண்ணீர். ஒன்றில் மட்டும் நூல் நூலாய் ரத்தம் ஓடியது. செண்பகம் கையெடுத்துக் கும்பிட்டாள். வீரம்மாள் தினமும் வந்து பெட்டியின் கண்ணாடியில் நெற்றியை வைத்து, "தேவா, அம்மா வந்திருக்கேன்டா" என்று பேசிவிட்டுப் போவாள்.

பொரிக்கிற நாள் நெருங்கியது. மற்ற முட்டைகளெல்லாம் ஓட்டுக்குள்ளேயே கத்த ஆரம்பித்தன. வீரம்மாள் வந்து "தேவா" என்றதும் அத்தனையும் ஒரே நேரத்தில் அடங்கின. பருந்து நிழல் விழுந்தால் குஞ்சுகள் அடங்குமே, அப்படி. அந்த அமைதியில் மஞ்சள் முட்டை மட்டும் மெல்லக் கீச்சிட்டது.

"கேட்டியா? எம்புள்ள!" என்று வீரம்மாள் சிரித்தாள்.

அவள் போனதும் செண்பகம் அந்த முட்டைக்கு டார்ச் அடித்தாள். உள்ளே ஒரே கறுப்பு. அசைவே இல்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டாள். உயிருள்ள முட்டை ஆடும். இது ஆடாமல் மிதந்தது. மோந்து பார்த்தாள், நாற்றம். செத்து நாளாகியிருந்தது. அப்படியானால் கீச்சிட்டது எது?

உண்மையைச் சொன்னால் வீரம்மாள் பிழைக்க மாட்டாள். செண்பகம் தன் சொந்த முட்டைகளில் ஓட்டில் கீறல் விழத் தொடங்கிய ஒன்றை எடுத்து, லேசாக மஞ்சள் தடவி, அந்த இடத்தில் வைத்தாள். செத்ததைக் கொல்லைப்புறத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதைத்தாள்.

மறுநாள் வீரம்மாளின் கண்ணெதிரிலேயே குஞ்சு வெளியே வந்தது. முந்தானையில் வாங்கிக்கொண்டு அழுதாள், சிரித்தாள், செண்பகம் போட்ட சோற்றை வழித்துத் தின்றாள். பொய் சொன்னாலும் ஒரு உயிர் பிழைத்ததே என்று செண்பகத்துக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

அன்று சாயங்காலம் கொல்லையில் துணி எடுக்கப் போனாள். வேலிக்கு அந்தப்பக்கம் வீரம்மாள் குஞ்சுக்கு நொய் போட்டுக்கொண்டு, "தேவா, இங்க வாடா" என்று கூப்பிட்டாள்.

செண்பகத்தின் காலடியில், மண்ணுக்குள்ளிருந்து, கீச்சென்று பதில் வந்தது.

துணியைப் போட்டுவிட்டு வெறுங்கையால் தோண்டினாள். முட்டை சில்லென்று இருந்தது. நாற்றம் முன்னைவிட அதிகம். உடைத்துப் பார்க்கவும் துணிவில்லை, திரும்ப மூடவும் மனசில்லை. முந்தானையில் பொத்தி உள்ளே கொண்டுபோய் இன்குபேட்டரில் வைத்து பல்பைப் போட்டாள்.

இப்போதெல்லாம் செண்பகம் யாருடைய முட்டையையும் வாங்குவதில்லை. மிஷின் ரிப்பேர் என்கிறாள். "அப்பால எதுக்கு லைட்டு எரியுது?" என்று பெரியதம்பி கேட்டால் பெட்டியின் மேல் ஒரு துணியை இழுத்துப் போடுகிறாள். பக்கத்து வீட்டில் அந்தக் குஞ்சு சேவலாகி நிற்கிறது. வீரம்மாளின் உடம்பு தேறிவிட்டது. வாசலில் நின்று, "தேவா! டேய் தேவா!" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள். சேவல் குப்பையைக் கிளறிக்கொண்டே இருக்கிறது, திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

"இந்தப் பையன் எப்பவும் இப்படித்தான், கூப்பிட்டா வரமாட்டான்" என்று வீரம்மாள் சிரிக்கிறாள். சுவருக்கு இந்தப்பக்கம் செண்பகம், அம்மா கூப்பிடும்போதெல்லாம் தவறாமல் பதில் சொல்கிற பெட்டியைத் தலையணையால் அமுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறாள்.