நாலு வயதில் ஒன்றாம் வகுப்பு படித்தவள்

எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் நாலு வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்தவள் நான் ஒருத்திதான். வெகுகாலம் இதை என் அறிவுக்குக் கிடைத்த மரியாதை என்றே நினைத்திருந்தேன். உண்மையில், அங்கன்வாடியில் என்னை வைத்துச் சமாளிக்க ஆளில்லை.

அங்கே மதியச் சாப்பாடு முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளையும் பாயில் படுக்கவைப்பார்கள். முட்டை தின்று முடிக்கிறவரை நான் சமர்த்தாக இருப்பேன். தூங்கச் சொன்னால் கிளம்பிவிடுவேன். அப்படி ஒருநாள் திருப்போரூர் போகிற பெரிய ரோட்டோரம் நின்று, ஷேர் ஆட்டோவுக்குக் கை காட்டிக்கொண்டிருந்த என்னை யாரோ தூக்கிவந்து ஒப்படைத்தார்கள். அன்றோடு ஆயா கையை விரித்துவிட்டார்.

"இத்த வச்சிக்கினு என்னால மாரடிக்க முடியாதும்மா. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ரோட்டுக்குப் போயிடுது," என்றார் அம்மாவிடம்.

அம்மா படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குக் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்பாவுக்குப் பெயிண்ட் வேலை. சைட்டிலேயே தங்கிவிட்டு வாரக்கடைசியில்தான் வருவார். மிச்சம் இருந்தது ஐந்தாம் வகுப்பு படித்த அக்கா. என்னைப் பார்த்துக்கொள்ள அவள் மதியத்தோடு வீட்டுக்கு வர ஆரம்பித்து, பிறகு பள்ளிக்கே போகாமல் நின்றாள். அக்கா என்னோடு விளையாடத்தான் வீட்டில் இருக்கிறாள் என்று எனக்கு ஒரே குஷி. அவளோ பள்ளி மணி கேட்கும்போதெல்லாம் என்மேல் எரிந்து விழுந்தாள்.

ஒருநாள் பெரிய டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். தலைமையாசிரியரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

"இப்படியே லீவு போட்டா ஆறாவதுக்கு எப்படிப் போவா? வீட்டோட நின்னுடுவா," என்று அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்தார்.

அம்மா என்னைக் காட்டி, "அப்போ இத்த இன்னா டீச்சர் பண்றது?" என்றார்.

டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஐந்து வயது முடிந்தால்தான் ஒன்றாம் வகுப்பு என்பது அரசாங்க விதி. எனக்கு அதற்கு இன்னும் பல மாதங்கள் கிடந்தன.

"ரெண்டையும் அனுப்புங்க. சின்னது ஒண்ணாவதுல ஓரமா உக்காரட்டும்," என்றார் கடைசியில்.

ஓரமாக உட்காருகிற ஆளா நான்? முதல் நாள் காலையில் வருகைப் பதிவுக்கு எல்லோர் பெயரையும் கூப்பிட்டார்கள், என் பெயரை மட்டும் காணோம். தரையில் புரண்டு அழுதேன். மறுநாளிலிருந்து டீச்சர் பதிவேட்டை மூடிவைத்த பிறகு, எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டு என் பெயரையும் சொல்வார். நான் எழுந்து, தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரி "உள்ளேன் டீச்சர்" என்பேன். மத்தியானம் தூங்கச் சொல்லாத அந்தப் பள்ளிக்கூடம் எனக்கு ரொம்பவே பிடித்துப்போயிற்று. அக்காவும் திட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

அப்புறம்தான் ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்தார். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே அறை என்பதால் அக்காவும் என் அறையில்தான் இருந்தாள். ஜீப் சத்தம் கேட்டதுமே டீச்சர் என்னிடம் குனிந்து, "வாயைத் தொறந்தே, அவ்ளோதான்," என்றார்.

அதிகாரி பதிவேட்டை வாங்கித் தானே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். முடித்துவிட்டு மூடினார். இனி என் முறைதான் என்று தயாராக இருந்தேன். அவர் பேனாவைத் தேட ஆரம்பித்தார். எனக்கு வந்ததே கோபம்.

எழுந்து நின்று, "சார், என் பேர வுட்டுட்டீங்க," என்றேன்.

டீச்சர் முகம் சுண்டிப்போயிற்று.

"உனக்கு என்னம்மா வயசு?" என்றார் அதிகாரி.

நாலு விரலைப் பெருமையாக நீட்டினேன்.

"நாலு வயசுப் பிள்ளைக்கு ஒண்ணாவதுல என்ன வேலை? ரூல் தெரியாதா டீச்சர் உங்களுக்கு?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

"என் தங்கச்சி சார். வூட்ல யாரும் இல்ல. இத்த அனுப்பிட்டீங்கன்னா நானும் நின்னுடணும் சார்."

அதிகாரி பதிவேட்டைத் திரும்பத் திறந்து மேலிருந்து கீழே விரலை ஓட்டினார்.

"இதுல இந்தப் பிள்ளை பேரே இல்லையே டீச்சர். இல்லாத பிள்ளைய நான் எப்படி வெளியே அனுப்பறது?" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். போகும்போது அக்காவிடம் மட்டும், "நீ தினமும் வரணும், புரியுதா?" என்றார்.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. கண்ணெதிரே மலைபோல் நிற்கிறேன், நான் இல்லையாம். அந்த மனுஷனை மாலைவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தபடி அழுதுகொண்டே வந்தாள். என் பெயரை விட்டுவிட்டார்களே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். பார்க்கப் பாவமாக இருந்தது.

"வுடுக்கா. அந்த சாருக்குப் படிக்கத் தெரியல. அதுக்குப் போயி அழுவியா?" என்றேன்.

அவள் அழுகையினூடே சிரித்துவிட்டாள். எப்படியோ சமாதானப்படுத்திவிட்டோம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.