பிடிக்காததையும் தேடச் சொன்ன ஷமீமா மேடம்

டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோதுதான் போன் வந்தது. நம் ஆஸ்பத்திரி நூலகராக இருந்த ஷமீமா மேடம் காலமாகிவிட்டார். போன மாதம் பார்த்தபோதுகூட, வீட்டுக்காரரிடமிருந்து டி.வி. ரிமோட்டைப் பிடுங்குவதுதான் ஓய்வுக்குப் பிறகு தன் முழுநேர வேலை என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். எனக்கு அழுகையும் அந்தச் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்ற யாரோ ஓர் அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

உங்களில் பலருக்கு அவரை நூலகத்தில்தான் தெரியும். ஆராய்ச்சிக் கட்டுரை தேட டாக்டர்களுக்கு மட்டும்தான் கற்றுக்கொடுக்க வேண்டுமா என்று சண்டை போட்டு, நர்ஸ்களான எங்களுக்கும் அதைக் கற்றுக்கொள்ள வாரம் ஒரு மதியம் வாங்கித் தந்தவர் அவர்.

அறுவை சிகிச்சை வார்டு என் பொறுப்பு. ஆபரேஷன் என்றால் முந்தின ராத்திரியிலிருந்தே சொட்டுத் தண்ணீர் கிடையாது. மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் என்ற பயத்தில் அப்போது அதுதான் வழக்கம். தியேட்டரில் முறை வர மத்தியானம்கூட ஆகிவிடும். சித்திரை வெயிலில் எண்ணூர் மீன்காரம்மா ஒருவர், "உதடு ஒட்டிக்கிச்சும்மா, ஒரு வாய் குடு" என்று கெஞ்சினார். கொடுக்க முடியவில்லை. மயக்க மருந்துத் துறைத் தலைவரிடம் போய் நின்றேன். "மாத்தலாம் சிஸ்டர், ஆதாரம் கொண்டு வாங்க" என்றார். நியாயம்தானே.

நானும் இரண்டு சிஸ்டர்களும் நூலகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நடந்த கதை முழுவதையும் அடித்தோம். வெயில், ஆஸ்பத்திரி இருக்கும் ராயபுரம், மீன்காரம்மா, தாகம், எல்லாம். ஒன்றும் வரவில்லை. உலகத்தில் இப்படி ஓர் ஆராய்ச்சியே இல்லை என்று முடிவும் கட்டிவிட்டோம். மேடம் பின்னால் நின்று படித்தார். "இன்னா சிஸ்டர், கம்ப்யூட்டராண்ட கம்ப்ளெயிண்ட் குடுத்துகினு கீறீங்க? ராயபுரத்த எடுங்க. வெயில எடுங்க. யாருக்கு, இன்னா குடுக்கணும், குடுத்தா இன்னா ஆவும், அத்த மட்டும் வெய்யுங்க" என்றார். ஒரே விஷயத்துக்கு ஊர் ஊராக வழங்கும் வேறு சொற்களையும் சேர்க்கச் சொன்னார். கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஆபரேஷனுக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை பெரும்பாலோர் வெறும் தண்ணீர் குடிக்கலாம் என்று கட்டுரை மேல் கட்டுரை.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிளம்பினோம். விடவில்லை மனுஷி. "உங்களுக்குப் புடிச்சது கெடச்சிட்சு. இப்போ புடிக்காதத தேடுங்க. யாருக்குக் குடுக்கக் கூடாது?" வீட்டுக்குப் போகிற நேரம், சுறுசுறுவென்று கோபம் வந்தது எனக்கு. முணுமுணுத்துக்கொண்டே தேடினோம். ஆதாரத்தை எடுத்து வைத்த கூட்டத்தில் துறைத் தலைவர் கேட்ட முதல் கேள்வியே அதுதான். குடல் அடைப்பு உள்ளவர்கள், சர்க்கரையால் இரைப்பை மெதுவாகக் காலியாகிறவர்கள் என்று தடுமாறாமல் சொன்னோம். அவர் தலையாட்டினார். அடுத்த வாரத்திலிருந்து காலையில் எங்கள் வார்டில் டம்ளர் சத்தம் கேட்டது.

ஓய்வு பெற்ற பிறகு பித்தப்பை ஆபரேஷனுக்கு மேடமே என் வார்டில் வந்து படுத்தார். காலையில் தண்ணீர் கேட்டிருக்கிறார். புதிதாகச் சேர்ந்த சிஸ்டருக்கு அவர் யாரென்று தெரியாது. "சுகரால உங்களுக்கு வயிறு மெதுவாத்தான் காலியாவுதுன்னு டாக்டர் எழுதியிருக்காரு. உங்களுக்குக் குடுக்கக் கூடாதும்மா" என்று சொல்லி டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். விஷயம் கேட்டு நான் ஓடினேன். மேடம் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "நான் தேடச் சொன்னத வெச்சி எனக்கே ஆப்பு வெச்சிட்டீங்களே சிஸ்டர்" என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பாத்துக்கினு கீறீங்க" என்றார். உதடு காய்ந்துதான் இருந்தது.

அந்த ஆபரேஷன் நன்றாகவே முடிந்து, அதற்குப் பிறகும் பல நாள் எங்களைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போனார். எனக்கு ஒன்று ரொம்பப் பிடித்துப்போகும்போதெல்லாம், இது தப்பாக இருந்தால் யாருக்கு வலிக்கும் என்று இன்னொரு முறை தேடுகிறேன். மேடத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி. கேட்கும்போது இன்னமும் கொஞ்சம் கோபம் வருகிறது. கேட்காமல் மட்டும் விடுவதில்லை.