நாலாம் நம்பருக்கு ஐந்தாவது ஃபவுல்

எங்கள் கூடைப்பந்து அரங்கத்தின் வாசல் சுவரில் பதினோரு போட்டோக்கள் தொங்குகின்றன. ஆட்டத்தை விட்டவர்களில் ஆண்டுக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்து அங்கே மாட்டுவோம். ஆடி முடித்துப் பதினைந்து ஆண்டு தாண்டிவிட்டால் அந்த ஆளைப் பற்றிப் பேச்சே எடுக்கக் கூடாது. கொக்குக்கு இதுதான் கடைசி ஆண்டு.

கொக்கு ஒரு லிஃப்ட் மெக்கானிக். பனை உயரம், நாலாம் நம்பர் பனியன். வேலை முடிந்து கிரீஸ் கையோடு வருவான், சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுக் களத்தில் இறங்குவான். பந்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவே தெரியாது. அவன் தட்டிக்கொடுத்த பந்தில் மற்றவர்கள் பேர் வாங்கினார்கள். நான் அதே அரங்கில் முப்பது வருடம் ஸ்கோர் எழுதியவன். என் தாளில் தப்பு என்று எவனாவது சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

தேர்வுக் குழுவில் நாங்கள் நால்வர். போன ஞாயிறு காலை, பந்துகள் வைக்கும் அறையில் கூடினோம்.

"வக்கீலைப் போடுவோம்," என்றார் பழைய பயிற்சியாளர். வக்கீல் என்பது பட்டப்பெயர்தான். கொக்கின் அணியில் பதினாலாம் நம்பர், நடுவரிடம் வாதாடியே பிழைத்தவன். "அந்த ஃபைனல்ல கடைசி வரைக்கும் நின்னு ஆடினான். கொக்கு என்ன பண்ணான்? நாலு நிமிஷம் இருக்கும்போது அஞ்சாவது ஃபவுல் வாங்கிட்டு வெளிய போய் உக்காந்தான். ஒரே ஒரு பாயிண்டுல தோத்தோம்."

"ஒரு மேட்சை வச்சா மனுஷனை எடை போடுவீங்க?" என்று பாய்ந்தாள் பெண்கள் அணியின் பழைய கேப்டனான நர்ஸம்மா. "கொக்கு பந்து குடுக்கலேன்னா உங்க வக்கீல் கையைப் பிசைஞ்சுக்கிட்டு நின்னிருப்பான்."

அரங்கப் பொறுப்பாளர் வழக்கம்போல மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருந்தார். நானும் வழக்கம்போலக் கூரையைப் பார்த்தேன். ஒவ்வொரு வருடமும் கொக்குக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, என் கடன் தீர்ந்தது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவன் நான்.

"நீ ஏம்மா கத்துற? அவனே ஒத்துக்கிட்டான்," என்றார் பயிற்சியாளர். "போன மாசம் பார்த்தேன். 'எனக்கு எண்ணத் தெரியலே சார், எல்லாரையும் தோக்கடிச்சுட்டேன்'னான்."

"அவனுக்கு எண்ணத் தெரியும்யா," என்றேன். "எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு."

சொன்னேன். ஒருவருக்கு ஐந்து ஃபவுல் ஆனால் ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும். ஃபவுல் செய்தவரின் எண்ணை நடுவர் விரலால் காட்டுவார். வெறும் நான்கு விரல் காட்டினால் நான்கு. ஒரு கையை மடக்கிக்கொண்டு மறு கையில் நான்கு விரல் காட்டினால் பதினான்கு. அன்று முதல் பாதியில் யாரோ என் மேசையை மறைத்துக்கொண்டு எழுந்ததில், மடக்கிய கை என் கண்ணில் படவில்லை. வக்கீலின் ஃபவுலைக் கொக்கின் பேரில் எழுதிவிட்டேன். கடைசியில் அவனுடைய நான்காவது, என் தாளில் ஐந்தாவது ஆனது.

"அண்ணே, எனக்கு நாலுதானே? கொஞ்சம் பாருங்களேன்," என்று அவன் மேசைக்கு வந்து கெஞ்சினான். "என் தாளைவிட உன் ஞாபகம் பெருசா? போடா, போய் உக்காரு!" என்று எரிந்து விழுந்தேன். ஆட்டம் முடிந்து தாளில் கையெழுத்துப் போட்ட நடுவர், "வக்கீல் நாலோட தப்பிச்சான்," என்று சிரித்துக்கொண்டே போனார். தாளில் வக்கீலுக்கு மூன்றுதான் இருந்தது. அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். மானம் போகுமே என்று வாயை மூடிக்கொண்டேன். கொக்கு அதற்குப் பிறகு பந்தைத் தொடவே இல்லை.

"பதினஞ்சு வருஷமா வாயில என்னய்யா வச்சிருந்தே?" என்றாள் நர்ஸம்மா. பயிற்சியாளர் என்னைத் திட்டக்கூட இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கொக்குக்கு நான்கு ஓட்டும் விழுந்தன. குழுவில் எனக்கு இனி இடமில்லை என்றும், அவனிடம் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றும் முடிவானது.

மறுநாள் ஒரு ஆஸ்பத்திரியின் லிஃப்ட் முன்னால் அவனைப் பிடித்தேன். கழற்றிய திருகுகளைத் துணியில் பரப்பி, மூன்றாவது முறையாக எண்ணிக்கொண்டிருந்தான். அந்த ஃபைனலுக்குப் பிறகு வந்த பழக்கம் அது. அவனோடு வேலை செய்கிறவர்கள் அதைக் கேலி செய்வார்கள். நானும் செய்திருக்கிறேன், பாவி.

நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். போட்டோ விஷயத்தை அவன் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"நாலுதானா அண்ணே?"

"நாலுதான்டா. என்னை மன்னிச்சுடு."

கையிலிருந்த திருகைத் துணியில் வைத்தான். "அன்னிக்கு ராத்திரி விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். நாலுதான் வந்துச்சு. ஆனா உங்க தாள் தப்பாகாதேண்ணே... அதனால அஞ்சாவதா ஒண்ணை நானே யோசிச்சு சேர்த்துக்கிட்டேன். யாரை இடிச்சேன், எப்படி விழுந்தான், எல்லாம் இன்னிக்கும் கண்ணுல நிக்குது."

அவன் துணியை இழுத்துத் திருகுகளை மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தான்.