கொலைமுகாம் ரயிலின் டிரைவர் ஆனந்தகுமார்

அந்த வாரம் சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில் ஆனந்தகுமாரைப் போல ஆட்டம் போட்டவர் வேறு யாருமில்லை. காலமெல்லாம் சரக்கு ரயில் ஓட்டிய மனிதருக்கு முதன்முதலாக மேடை கிடைத்திருந்தது. மகள் கிருத்திகா படிக்கும் சட்டக் கல்லூரியில் மாதிரி நீதிமன்றம். ஹிட்லர் காலத்தில் யூதர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொலைமுகாமுக்கு இழுத்துப்போன ரயிலின் டிரைவர் குற்றவாளியா என்பதுதான் வழக்கு. டிரைவராக நடிக்கவேண்டிய மாணவனுக்கு அம்மை போட்டுவிட்டது. "எங்கப்பாவே டிரைவருதானுங்க" என்று கிருத்திகா உளறிவைக்க, மனிதர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அரசுத் தரப்பு வக்கீல் அவளேதான். "உன்ற அப்பனையே உள்ள தள்ளப் பாக்கறயா சாமி? நடக்காது. ஒரு டிரைவரு மேலயும் பழி உழுக உடமாட்டேன்" என்று சவால் விட்டார். மீசைக்கு மை, தலைக்குத் தொப்பி. காய்கறிக் கடையில்கூட, "நானு நிரபராதிங்க" என்று சொல்லித்தான் கத்தரிக்காய் வாங்கினார். ஆனால் உள்ளூர அவருக்கு அது விளையாட்டில்லை. சிக்னல் விழுந்தால் வண்டியை எடுக்கிறவனுக்கு என்ன பாவம் என்று மனசார நம்பினார். விடுதலை ஆகியே தீரவேண்டும்.

வழக்கு நாளன்று கூண்டில் ஏறி வெளுத்து வாங்கினார். "பச்சை உழுந்தா போகோணும், செவப்பு உழுந்தா நிக்கோணும். பெட்டியில நெல்லா, நிலக்கரியா, மனுசனான்னு எனக்கெதுக்குங்க?" அரங்கம் விசிலடித்தது. நீதிபதியாக உட்கார்ந்திருந்த பேராசிரியரே சிரித்துவிட்டார்.

கிருத்திகா எழுந்தாள். "வளைவு வந்தா டிரைவரு என்ன பண்ணோணுங்க?"

"திரும்பிப் பாக்கோணும். கடைசிப் பெட்டி வரைக்கும். அச்சு சூடாகிப் புகையுதா, கதவு தொறந்து கெடக்குதான்னு. பாக்காதவன் டிரைவரே இல்லீங்க" என்றார், நெஞ்சை நிமிர்த்தி.

"அப்ப நீங்க பாத்தீங்களா?"

அவருக்காக வாதாடிய மாணவன், இல்லை என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினான். ஒரு 'இல்லை' போதும், விடுதலை. திரும்பிப் பார்க்காமல் ஒரு வளைவையும் ஆனந்தகுமார் தாண்டியதில்லை. நடிப்புக்குக்கூட அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

"பாத்தனுங்க" என்றார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"பெட்டிப் பலகைச் சந்துல கையி தெரிஞ்சுது. சின்னக் கையும் இருந்துச்சு. வளைவு முடிஞ்சுது, பச்சை உழுந்துச்சு. போயிட்டனுங்க."

கிருத்திகாவிடம் இன்னும் கேள்விகள் இருந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கூண்டருகே போய், "போதுங்கப்பா, எறங்கி வாங்க" என்றாள்.

அவர் கம்பியை விடவில்லை. "தீர்ப்புச் சொல்லட்டும், சாமி" என்றார்.